இரண்டு வைப்புச் சீட்டும் ஒரு மூடிய அறிக்கையும்

2022 ஆனி மாதம். சாரல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில், கருங்கல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எங்கள் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். குடையை மடக்கி ஓரமாகச் சாத்திவிட்டு, சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே இரண்டு நிரந்தர வைப்புச் சீட்டுகள். ஒன்று 4 லட்சம், ஊர்க் கூட்டுறவு சொசைட்டியில். மற்றது 6 லட்சம், வெளி மாவட்டத்து நகரக் கூட்டுறவு வங்கி ஒன்றில். ஓய்வுக்காலப் பணத்தில் பெரும்பகுதி இதுதான்.

"மக்கா, ரெண்டு எடத்துலயும் இன்ஸ்பெக்சன் வந்துட்டுப் போயிருக்கு. என்ன எழுதி வச்சிருக்குன்னு எவனும் சொல்ல மாட்டேங்கான். என் பைசா கெடக்குற எடம்லா? நான் பாக்கப்பிடாதா?"

நான் 28 வருடம் வங்கி வேலை பார்த்தவன். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளுக்கு முன்னால் கோப்புகளை அடுக்கியிருக்கிறேன். அவர்கள் எழுதிய குறைகளுக்குப் பதில் தயாரித்திருக்கிறேன். அந்த அறிக்கை வந்தால் மேலாளர் அலமாரியில் பூட்டு விழும். ஆகவே சட்டென்று வாயில் வந்த பதில், "அது ரகசியம் சார், கிடைக்காது" என்பதுதான். சொல்லியும்விட்டேன். அவர் விடவில்லை. "யாருக்கு ரகசியம்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு வருடம் அலைந்ததன் பதிவு இது. சாருடைய அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் மனுப் போட்ட அலுவலகங்கள், பணம் போட்ட இடங்கள் எதையும் பெயர் சொல்லப்போவதில்லை. சட்டமும் தீர்ப்புகளும் உள்ளபடியே.

பயம் எங்கிருந்து வந்தது

டீக்கடைப் பேச்சுதான் தொடக்கம். 2021-ல் தமிழக அரசு 5 பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, சங்கங்களில் இருந்த நகைக்கடன்களைத் துருவிப் பார்த்தார்கள். பல ஊர்களில் குளறுபடி வெளியே வந்தது. சாருடைய சொசைட்டியிலும் ஒரு விசாரணை நடந்தது. என்ன முடிவு என்று யாருக்கும் தெரியாது. செயலாளரிடம் கேட்டால், "அதெல்லாம் ஆபீஸ் விஷயம் சார்."

ஆனால் சாருடைய பயத்துக்கு வயது அதிகம். 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி இழுத்து மூடப்பட்டபோது அவருடைய தாத்தாவின் பணம் போனது. அப்போது நம்ம பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானம். இரண்டு வங்கிகள் இணைந்து உருவான அந்தப் பெரிய வங்கி, இணைந்த மறுவருடமே விழுந்தது. அப்புறம் 1960 ஆகஸ்டில் பாலா சென்ட்ரல் வங்கி. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தாலும், எல்லைக்கு அந்தப் பக்கம் இடி விழுந்தால் களியக்காவிளையிலும் கேட்கும்.

இந்தப் பாலா வங்கிக் கதையை நான் சாரிடம் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். இந்த விவகாரத்தின் இரண்டு பக்கமும் அதில் இருக்கிறது. 1950களில் ரிசர்வ் வங்கி அந்த வங்கியைப் பலமுறை ஆய்வு செய்தது. கடன்கள் மோசம் என்று தெரிந்தது. திருத்திக்கொள்ளச் சொல்லி அவகாசம் கொடுத்துக்கொண்டே வந்தது. பணம் போட்டவனுக்கு மட்டும் எதுவும் தெரியாது. கடைசியில் ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போய் வங்கியைக் கலைக்கக் கேட்டபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் வைப்புத்தொகைக் காப்பீடு என்ற ஒன்றே இந்த நாட்டில் வந்தது: 1961-ல் சட்டம், 1962 ஜனவரி 1 முதல் நடைமுறை, ஆளுக்கு 1,500 ரூபாய் வரை.

முதல் ஆய்வு அறிக்கையை அன்றே வெளியிட்டிருந்தால்? மறுநாளே வாசலில் கூட்டம் கூடியிருக்கும். திருந்த வாய்ப்பிருந்தாலும் வங்கி செத்திருக்கும். வெளியிடாததால்? கடைசி நாள் வரை அப்பாவிகள் பணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரகசியம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இதே வங்கியைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, மனு எழுது" என்றார்.

முதலில், எது வங்கி?

நான் செய்த முதல் தப்பு, இரண்டு சீட்டையும் ஒரே கண்ணால் பார்த்தது. சாரும் இரண்டையும் "பாங்க்" என்றுதான் சொல்வார். ஊரில் எல்லோரும் அப்படித்தான். சொசைட்டியின் பழைய பலகையில்கூட வங்கி என்றுதான் எழுதியிருந்தது. அந்தச் சங்கங்கள் ஒரு காலத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கி என்ற பெயரில் இயங்கியவை, பின்னால் கடன் சங்கம் ஆயின.

சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு ஜாதி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949 பொருந்தாது. 2020-ல் வந்த திருத்தம், பெயரில் வங்கி என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அந்த விலக்கைத் தொடர்ந்தது. ஆகவே ரிசர்வ் வங்கி அங்கே எட்டிப் பார்க்காது. சங்கத்தைப் பார்ப்பது மாநிலக் கூட்டுறவுத் துறை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-ன் 80-வது பிரிவில் தணிக்கை, 81-ல் விசாரணை, 82-ல் ஆய்வு, 87-ல் நட்டத்தைப் பொறுப்பானவரிடம் வசூலிக்கும் தண்டத்தீர்வை.

நகரக் கூட்டுறவு வங்கி அப்படியில்லை. அது உண்மையான வங்கி. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் ஆய்வுக்கு உட்பட்டது. நடுவில் இன்னொரு வகையும் உண்டு: மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும் மாநிலக் கூட்டுறவு வங்கியும். அவற்றை ஆய்வு செய்வது நபார்டு என்ற வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி.

இதில் ஒரு குரூரமான வேடிக்கை. சார் அதிகம் பயந்தது வெளி மாவட்டத்து 6 லட்சத்துக்கு. ஊர் சொசைட்டி கண் முன்னால் இருக்கிறது, செயலாளர் அவரிடம் படித்த பையன், அதனால் அந்த 4 லட்சம் பத்திரம் என்று எண்ணம். ஆனால் வைப்புத்தொகைக் காப்பீடு 2020 பிப்ரவரி 4 முதல் வங்கி ஒன்றுக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரை, அசலும் வட்டியும் சேர்த்து. அது நகரக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு. தொடக்கச் சங்கத்துக்குக் கிடையவே கிடையாது. அதாவது அவர் அதிகம் பயந்த இடத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம்தான் வெளியே நின்றது. நம்பிய இடத்தில் 4 லட்சமும். இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியபோது சார் எழுந்து நின்றுவிட்டார்.

சொசைட்டிக் காகிதம்

முதல் மனுவை சார் தானே எழுதிக் கொண்டுவந்தார். ஒன்றரைப் பக்கம். தான் யார், எத்தனை வருடம் பணி, எவ்வளவு போட்டிருக்கிறேன், ஏன் கவலைப்படுகிறேன் எல்லாம் அழகான கையெழுத்தில். நான் அதை நான்கு வரியாகக் குறைத்தேன். அவருக்கு வருத்தம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) 6(2) பிரிவுப்படி, ஏன் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்கக் கூடாது; நாமாக ஏன் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும்? "இன்ன சங்கத்தில் 81-வது பிரிவின் கீழ் நடந்த விசாரணையின் அறிக்கை நகல், கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளின் நகல், குறைகள் மீது எடுத்த நடவடிக்கை." அவ்வளவுதான். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

சங்கத்துக்கே மனுப் போடலாமே என்று சாருடைய மருமகன் சொன்னார். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கோட்டயம் மாவட்டத்துத் தலப்பலம் சர்வீஸ் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசு கணிசமாக நிதி கொடுத்து நடத்தாத கூட்டுறவுச் சங்கம் தகவல் சட்டத்தின்படி பொது அதிகார அமைப்பு, அதாவது கேட்டால் தகவல் தரக் கடமைப்பட்ட அமைப்பு, அல்ல. சங்கத்திடம் கேட்டால் கதவு அடைபடும். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு ஜன்னலையும் திறந்து வைத்தார்கள். கூட்டுறவுப் பதிவாளர் பொது அதிகார அமைப்புதான். சட்டப்படி சங்கத்திடமிருந்து அவர் பெறக்கூடிய தகவலை நாம் அவரிடம் கேட்கலாம். 2(f) பிரிவு இதற்கு இடம் தருகிறது. வீட்டுக்காரன் கதவைத் திறக்காவிட்டால் சாவி வைத்திருக்கும் ஆளிடம் போவது மாதிரி.

ஆகவே மனு கூட்டுறவுத் துறை சார்ந்த அலுவலகத்துக்குப் போனது. 27-வது நாள் பதில்: விசாரணை தொடர்பான மேல் நடவடிக்கை நிலுவையில் உள்ளதால் 8(1)(h) பிரிவின்படி தர இயலாது.

இது எல்லா அலுவலகங்களுக்கும் பிடித்த பிரிவு. படித்துப் பார்த்தால் அதில் இருப்பது வேறு: தகவலைக் கொடுத்தால் விசாரணைக்கு *இடையூறு* ஏற்படும் என்றால்தான் மறுக்கலாம். விசாரணை இருக்கிறது என்பது மட்டும் போதாது. எப்படி இடையூறு என்று காட்ட வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2007 டிசம்பரில் பகத் சிங் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுத்தது சரி என்று காட்டும் பொறுப்பும் 19(5) பிரிவுப்படி அலுவலருடையதுதான். முதல் மேல்முறையீட்டில் இந்த இரண்டையும் எழுதினோம். கூடவே ஒரு சமரசம்: கடன்காரர்களின் பெயர், கணக்கு எண், முகவரி எல்லாவற்றையும் 10-வது பிரிவின்படி அடித்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பிறகு ஒருநாள் அந்த அலுவலகத்துக்கு நேரில் போனபோது, பொதுத் தகவல் அலுவலர் மெதுவாகச் சொன்னார்: "பேரு போயிரும்னா எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். நாளைக்கு ஒருத்தன் வந்து என் கடன் விவரத்தை ஏன் குடுத்தேன்னு கேட்டா நான் என்ன சொல்லுகது?" அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் பயம் நியாயம். மறுத்தால் பெரும்பாலும் ஒரு மேல்முறையீட்டோடு போகும். கொடுத்து மாட்டினால் வேலைக்கே வம்பு. ரகசியம் என்று எழுதுவதில் பாதி இந்தப் பயம்தான். கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

38 பக்கம் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய், மொத்தம் 76 ரூபாய். கறுப்பு மையால் அடித்த கோடுகளுக்கு நடுவே விஷயம் பளிச்சென்று தெரிந்தது: ஒரே குடும்ப அட்டைக்குள் வெவ்வேறு பெயர்களில் பிரித்துப் போட்ட நகைக்கடன்கள், தள்ளுபடிக்காகவே 5 பவுனுக்குக் கீழே நிறுத்திய எடைகள், எடைப் பதிவேட்டில் திருத்தம், பொறுப்பாளரிடம் தண்டத்தீர்வைக்குப் பரிந்துரை. சங்கம் மூழ்கும் நிலை இல்லை. ஆனால் நிர்வாகம் யார் கையில் எப்படிக் கிடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அந்த 38 பக்கம் போதும்.

தணிக்கை அறிக்கை விஷயத்தில் எனக்கு வெட்கம். அதை ஆர்டிஐ-யில் கேட்டதே வீண் வேலை. உறுப்பினர்களின் பேரவைக் கூட்டத்தில் வைக்க வேண்டிய காகிதம் அது. சார் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். 11 வருடமாக ஒரு பேரவைக் கூட்டத்துக்கும் போனதில்லை. "டீயும் வடையும் குடுப்பான், கையெழுத்துப் போடணும், அதுக்கு எதுக்குப் போகணும்னு விட்டுட்டேன்" என்றார்.

மூடிய அறிக்கை

நகரக் கூட்டுறவு வங்கியின் கதை இவ்வளவு சுலபமாக முடியவில்லை.

ஆய்வு அறிக்கை என்றால் என்ன என்று முதலில் சாருக்கு விளக்க வேண்டியிருந்தது. மார்ச் 31 தேதிக் கணக்கை எடுத்துக்கொண்டு மேற்பார்வை அதிகாரிகள் உட்காருவார்கள். வங்கி நல்ல கடன் என்று காட்டியதில் எதெல்லாம் உண்மையில் வாராக்கடன், மூலதனம் போதுமா, இயக்குநரின் சொந்தக்காரருக்குக் கடன் போயிருக்கிறதா, பெரிய கடன்கள் வரம்பு தாண்டியிருக்கிறதா என்றெல்லாம் ஒவ்வொரு கணக்காகப் பார்ப்பார்கள். வங்கியின் ஆண்டறிக்கை வங்கி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. இது பரிசோதித்த டாக்டர் எழுதுவது. பிரதி வங்கிக்குப் போகும். வங்கி அதை வெளியே காட்டக் கூடாது.

காட்டக் கூடாது என்றால் நல்ல செய்தியைக்கூட. 2019 பிப்ரவரியில் யெஸ் வங்கி, ரிசர்வ் வங்கியின் இடர் மதிப்பீட்டு அறிக்கையில் தங்கள் வாராக்கடன் கணக்குக்கும் ரிசர்வ் வங்கி போட்ட கணக்குக்கும் வித்தியாசமே இல்லை என்று வந்திருப்பதாகப் பெருமையாக அறிவித்தது. பங்கு விலை ஒரே நாளில் சுமார் 30 சதவீதம் ஏறியது. அடுத்த நாள் ரிசர்வ் வங்கி கண்டித்துக் கடிதம் எழுதியது: அறிக்கை ரகசியம் என்று குறிக்கப்பட்டது, அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து வெளியிட்டது தவறு, அதே அறிக்கையில் வேறு குறைகளும் இருக்கின்றன. அடுத்த வருடம் மார்ச் 5-ல் அதே வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற நிலை வந்தது. பூட்டிய அறிக்கையிலிருந்து வங்கி தனக்குப் பிடித்த வரியை மட்டும் உருவினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அமெரிக்காவில் இதை இன்னும் கறாராக வைத்திருக்கிறார்கள்: ஆய்வு அறிக்கை வங்கியின் கையில் இருந்தாலும் அது வங்கியின் சொத்து அல்ல, மேற்பார்வை அமைப்பின் சொத்து. வங்கி தன் வக்கீலுக்கும் தணிக்கையாளருக்கும் காட்டக்கூட விதிமுறை வைத்திருக்கிறார்கள். அங்குள்ள தகவல் உரிமைச் சட்டத்தின் 8-வது விலக்கு முழுக்க இந்த வகைக் காகிதத்துக்காகவே எழுதியது.

நம் சட்டத்தில் வங்கி ஆய்வு அறிக்கைக்கென்று தனி விலக்கு இல்லை. சண்டையே அங்கேதான். வழக்கமாக மூன்று பிரிவுகளைச் சொல்லி மறுப்பார்கள்: 8(1)(a) நாட்டின் பொருளாதார நலன், 8(1)(d) வணிக ரகசியம், 8(1)(e) நம்பிக்கைப் பொறுப்பில் பெற்ற தகவல். குஜராத்தின் ஒரு கூட்டுறவு வங்கியைப் பற்றி ஜெயந்திலால் மிஸ்திரி என்பவர் கேட்ட மனுவும் இன்னும் பத்து வழக்குகளும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் வந்தன. மத்தியத் தகவல் ஆணையராக இருந்த சைலேஷ் காந்தி கொடுக்கச் சொன்ன உத்தரவுகளே அவற்றில் பெரும்பாலும். 2015 டிசம்பர் 16 அன்று நீதிபதிகள் எம்.ஒய். இக்பால், சி. நாகப்பன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ரிசர்வ் வங்கிக்கும் வங்கிகளுக்கும் இடையில் நம்பிக்கைப் பொறுப்பு உறவு கிடையாது. வங்கிகள் சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய தகவலைத்தான் கொடுக்கின்றன. ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்களின் நலனுக்கு, தனித்தனி வங்கிகளின் நலனுக்கு அல்ல. தகவல் சட்டத்தின் 22-வது பிரிவு மற்றச் சட்டங்களின் ரகசியப் பிரிவுகளை மிஞ்சும் என்பதும் சேர்ந்துகொண்டது.

அத்தோடு முடிந்ததா? 2016 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு வெளியீட்டுக் கொள்கையைப் போட்டு, ஆய்வு அறிக்கைகளை மறுபடி தராத பட்டியலில் சேர்த்தது. 2019 ஏப்ரல் 26-ல் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் அமர்வு, இது தீர்ப்பை மீறுவது என்று சொல்லி, அந்தக் கொள்கையைத் திரும்பப் பெற ஒரு கடைசி வாய்ப்புக் கொடுத்தது. அப்புறம் வங்கிகள் கிளம்பின: எங்கள் பேச்சைக் கேட்காமல் 2015-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். அதைத் திரும்பப் பெறக் கோரிய மனுக்களை 2021 ஏப்ரல் 28-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நான் சாருக்கு மனு எழுதியபோது இந்த இடத்தில்தான் நின்றோம். எனக்கு நம்பிக்கை இருந்தது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, கடைசி இரண்டு ஆய்வு அறிக்கைகளின் நகலைக் கேட்டோம். 11-வது பிரிவின்படி அந்த வங்கிக்கு மூன்றாம் தரப்பு அறிவிப்புப் போனது. ஐந்து நாளில் அறிவிப்பு, பத்து நாளில் அவர்கள் ஆட்சேபம் சொல்லலாம், நாற்பது நாளுக்குள் முடிவு. அவர்கள் ஆட்சேபித்தார்கள். மறுப்பு வந்தது.

மேல்முறையீடு போட்ட மூன்றாவது வாரம், செப்டம்பர் 30, நிலம் ஆடியது. எச்டிஎஃப்சி உள்ளிட்ட வங்கிகள் தனியாகப் போட்ட ரிட் மனுக்கள் விசாரிக்கத் தக்கவை என்று நீதிபதிகள் பி.ஆர். கவாய், சி.டி. ரவிக்குமார் அமர்வு சொல்லிவிட்டது. கூடவே, மிஸ்திரி தீர்ப்பு தகவல் உரிமையையும் அந்தரங்க உரிமையையும் சமன் செய்து பார்க்கவில்லை என்று முதல் நோக்கில் தோன்றுவதாகவும் குறிப்பிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற புட்டசாமி தீர்ப்பு வந்தது 2017-ல். மிஸ்திரி தீர்ப்பு அதற்கு முந்தியது. 2015 தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதைக் காட்டினால், எதிரே இருப்பவர் 2022-ஐக் காட்டுவார். எங்கள் மேல்முறையீட்டு உத்தரவில் அதுவே நடந்தது.

சாரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ சுப்ரீம் கோர்ட்டே ரெண்டு பக்கமும் பேசுகா?" என்றார். இரண்டு அமர்வு, சார், என்றேன். "பரீட்சைப் பேப்பரை ரெண்டு வாத்தியார் திருத்துன மாதிரி" என்று முடித்துக்கொண்டார்.

சின்னதாகக் கேட்டபோது

இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருந்தது. அந்த இடைவெளியில்தான் எனக்குப் புத்தி வந்தது. அறிக்கை முழுவதும் கேட்டால் மூன்று பிரிவும் குறுக்கே நிற்கும். அறிக்கைக்கு வெளியே சிந்தியிருப்பதை ஏன் முதலிலேயே பொறுக்கவில்லை?

ரிசர்வ் வங்கி ஒரு கூட்டுறவு வங்கிக்கு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 47ஏ பிரிவின் கீழ் அபராதம் போட்டால், அதைத் தன் தளத்தில் செய்திக் குறிப்பாக வெளியிடுகிறது. அந்தக் குறிப்பில் எந்தத் தேதிக் கணக்கை ஆய்வு செய்தபோது எந்த விதிமீறல் தெரிந்தது என்று இரண்டு மூன்று வரி இருக்கும். பூட்டிய அலமாரியின் கீழிடுக்கில் தெரியும் காகித முனை மாதிரி. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேடினேன். சாருடைய வங்கி ஒரு வருடத்துக்கு முன்னாலேயே அங்கே இருந்தது: இயக்குநர் சம்பந்தப்பட்ட கடனுக்காக ஒரு சிறு அபராதம். இரண்டு மாதம் மனு எழுதித் தேடியது, 20 நிமிடத்தில் பொதுவெளியில் கிடந்தது. எனக்கு நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்து வங்கியின் ஆண்டறிக்கை. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு அப்போது இருந்த மேற்பார்வை நடவடிக்கைக் கட்டமைப்பின் எல்லைக்கோடுகள் வெளிப்படை: நிகர வாராக்கடன் 6 சதவீதத்தைத் தாண்டுவது, தொடர்ந்து இரண்டு வருடம் நட்டம், மூலதன விகிதம் 9 சதவீதத்துக்குக் கீழே போவது. இந்த மூன்று எண்ணையும் சாரே ஆண்டறிக்கையில் தேடிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். மூலதனம் தப்பித்தது, நிகர வாராக்கடன் கோட்டை ஒட்டி நின்றது.

இரண்டாம் மேல்முறையீட்டை அதனால் மாற்றி எழுதினோம். அறிக்கை வேண்டும் என்ற கோரிக்கையை விடவில்லை. கடன்காரர் பெயர் இல்லாமல், மூன்று வருடத்துக்கு முந்தையதாக இருந்தாலும் போதும் என்றோம். கூடவே தனியாக மூன்று கேள்வி: கடைசியாக ஆய்வு நடந்த தேதி என்ன? அதன் பிறகு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பப்பட்டதா? வைப்புத்தொகை வாங்கக் கட்டுப்பாடு ஏதும் இருக்கிறதா? பொது நலன் பெரிதென்றால் விலக்கு இருந்தாலும் தரலாம் என்ற 8(2) பிரிவின் வாதத்தை இங்கேதான் வைத்தோம். முதல் மனுவில் நான் வெட்டிய சாருடைய ஒன்றரைப் பக்கக் கதை, இந்த இடத்தில் திரும்ப வந்தது. காரணம் கேட்கக் கூடாது என்பது மனுவுக்கு. பொது நலன் என்று வாதாடும்போது யாருடைய நலன் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

2024 தொடக்கத்தில் காணொலி விசாரணை. நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு சின்ன அறை, ஒரு திரை. சார் வெள்ளை வேட்டி சட்டையில், பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மொத்தம் 12 நிமிடம். மேற்பார்வை அலுவலகத்தின் சார்பில் பேசியவர் நிதானமாகவே பேசினார். அவர் சொன்ன ஒன்று என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது: அறிக்கை வெளியே போகும் என்று தெரிந்தால், எங்கள் அதிகாரியே சந்தேகத்தைச் சந்தேகமாக எழுத மாட்டார், மழுப்பித்தான் எழுதுவார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் அதில் உண்மை இருப்பதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து, குறைகள் சரிசெய்தாகிவிட்டது என்று வங்கியே சொன்ன பிறகும், அதே வரி ஏன் மூடியிருக்க வேண்டும்? இதற்கு அன்று பதில் வரவில்லை. ரகசியத்துக்கு ஒரு காலாவதித் தேதி வைக்கலாம் என்பதே என் கட்சி.

மத்தியத் தகவல் ஆணையத்தின் உத்தரவு: முழு அறிக்கை பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் இருப்பதால் அதைத் தர உத்தரவிடவில்லை; மூன்று கேள்விகளுக்கும் பதில் தர வேண்டும். பதில் வந்தது. ஆய்வுத் தேதி இருந்தது. விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது உண்மை. வைப்புத்தொகை வாங்கத் தடை இல்லை. அரைப் பக்கம்.

உத்தரவை எடுத்துக்கொண்டு கருங்கல்லுக்குப் போனேன். சார் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார். இனி பணத்தை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எந்தப் பைசா? அதை நீ கணக்குப் போட்டுக் காட்டுன வாரமே ரெண்டு எடத்துலயும் முறிச்சு எடுத்தாச்சு மக்கா. வட்டி கொஞ்சம் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு எதற்கு இரண்டு வருடம்? விசாரணை நாளன்று வேட்டி சட்டையோடு நாகர்கோவில் வரை?

"கேட்டதுக்குப் பதில் வரணும்லா?" என்றார். பிறகு, பணம் இப்போது போஸ்டாபீசில் இருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, என் பக்கம் குனிந்து கேட்டார்:

"அங்க இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட்டு யாரு எழுதுகது?"